மேலிடத்தின் இடுப்பளவு

கட்டட வேலை நடக்கும் அந்த வளாகத்தில் ஒரு வதந்தி கிளம்பி, சிமென்ட் மூட்டையைவிட வேகமாக மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டுகிறவர் விடுமுறைக்குப் போன இடத்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடம் வசமாகச் சிக்கினாராம். அவர் தினமும் காலையில் நிற்க வைத்துப் பெண்டு நிமிர்த்தினாராம். அதில்தான் தொப்பை கரைந்ததாம், அதனால்தான் புதுக் கிரேனில் ஏற முடிந்ததாம்.

இது கம்பி கட்டுகிறவர்களின் பதிப்பு. குழாய் வேலைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ராணுவமுமில்லை, போலீசுமில்லை, மல்யுத்தம் பழகிய ஒரு பெண்மணியாம். பெயின்டர்கள் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய் போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் மிஷின் வந்திருக்கிறதாம், அங்கே படுத்துவிட்டு வந்தவர் உடற்பயிற்சி என்று கதை அளக்கிறாராம். ஸ்டோர்காரர் மட்டும், அந்த மனிதர் எங்கேயும் போகவே இல்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே பட்டினி கிடந்தார் என்று அடித்துச் சொன்னார். ஸ்டோர்காரர் எரிச்சல்பட்டதற்குக் காரணம் இருந்தது, அதற்கு வருவோம்.

வதந்தி என்று வந்துவிட்டால் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிடுவது உத்தமம். இழுத்துப் பார்த்ததில் ராணுவமும் வரவில்லை, மல்யுத்தமும் வரவில்லை, உறிஞ்சும் குழாயும் வரவில்லை. வந்தது வேறு. ஆனால் ஆளைத் தெரியாமல் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவரை அங்கே எல்லோரும் மேலிடம் என்பார்கள். காலையில் ஏணி வழியாக உச்சிக்கு ஏறிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால், சாயங்காலம்தான் தரையை மிதிப்பார். கீழே யாருக்காவது ஒரு கட்டு கம்பி வேண்டுமென்றால், “மேலிடத்துல சொல்லியாச்சா?” என்று கேட்டுக்கொள்வார்கள். மேலிடம் என்றால் எங்குமே பேச்சு குறைவாகத்தான் இருக்கும். இவரும் அப்படித்தான். அறையில் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைத் திருகினால் நாலு பேர் ஒரே நேரத்தில் திட்டுகிறார்கள் என்று, சத்தத்தைக் குறைத்து ஆணியில் மாட்டிவிட்டார். கீழே நின்று கை காட்டுகிறவர் அவருடைய மனைவியின் தம்பி. அந்த மச்சானின் கைதான் அவருக்கு உத்தரவு. விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் கொக்கி ஏறும், கையைப் பக்கவாட்டில் நீட்டினால் கிரேன் திரும்பும், உள்ளங்கையைத் தரை பார்க்க விரித்து அசைத்தால் எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே நிற்கும். அடுத்த சைகை வரும்வரை முந்தின சைகைதான் சட்டம்.

இப்படியே வருடக்கணக்கில் பழகியதில், பேச்சு என்பது அவர் உடம்புக்கு எட்டாமலே போய்விட்டது. வீட்டில் “எழுந்திருங்க” என்று நூறு முறை சொன்னாலும் அசையமாட்டார். மனைவி விரலைத் தூக்கிச் சுழற்றினால் எழுந்து நிற்பார். சாப்பாட்டுத் தட்டின் மேல் அந்த அம்மாள் உள்ளங்கையை விரித்து அசைத்தால், வாய்க்குப் போகிற கவளம்கூடப் பாதி வழியில் நின்றுவிடும். இப்படி ஓர் ஏற்பாடு இருந்தும் தொப்பை வந்தது எப்படி என்றால், அந்தக் கை உச்சிக்கு நீளாது. அங்கே ஒரு சுமைக்கும் அடுத்த சுமைக்கும் நடுவில் செய்ய ஒன்றுமில்லை. பிஸ்கட் பொட்டலம் மட்டும் உண்டு. தினமும் ஏணி ஏறுகிற மனிதர் என்பதால் கால்கள் நல்ல கால்கள். தொப்பைதான் கால்களோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொள்ளாத தனி ராஜ்ஜியமாக வளர்ந்தது.

பழைய கிரேனைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது மேலிடம் சந்தோஷப்பட்டார். பாதுகாப்பு அதிகாரி வந்து, ஏணி முடிகிற இடத்தில் உள்ள தரைக்கதவு புதியதில் கொஞ்சம் சின்னது என்று சொன்னபோது சந்தோஷம் கொஞ்சம் சின்னதானது. அந்த அதிகாரி நல்ல மனிதர், யாரையும் நேருக்கு நேர் புண்படுத்தத் தெரியாதவர். ஆகவே கதவின் அளவை வாங்கி, தச்சரை விட்டு பிளைவுட்டில் அதே அளவில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லி, ஸ்டோர் வாசலில் நிறுத்திவைத்தார். மதிய இடைவேளையில் எல்லோரும் சர்க்கஸ் வளையத்தில் புகுவது போல அதில் புகுந்து புகுந்து வெளியே வந்தார்கள். கடைசியில் மேலிடம் இறங்கி வந்தார்.

“பயப்படாம வாங்கண்ணே,” என்றார் தச்சர்.

“நான் எதுக்குப் பயப்படணும்? பலகை பயப்படட்டும்.”

பலகை பயப்படவில்லை. தலை போயிற்று, தோள் போயிற்று, நெஞ்சும் ஒரு மாதிரி போயிற்று. அதற்குக் கீழே சட்டம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

“அத்தான், மூச்சை விட்டுப் பாருங்க,” என்றார் மச்சான்.

“விட்டா இன்னும் பெருசாகும்டா.”

“அப்ப இழுங்க.”

“இழுத்ததைத்தான் இவ்வளவு நேரமா வச்சிட்டிருக்கேன்.”

முன்னால் இரண்டு பேர், பின்னால் மச்சான் என்று இழுத்து ஆளை மீட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி கையைப் பிசைந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. புதுசு நிக்கறதுக்கு ஒரு வாரம் ஆகும். லீவ் எடுத்துக்கங்க. வந்து இந்த அளவுக்குள்ள நுழைஞ்சிட்டீங்கன்னா நீங்கதான் மேல. இல்லேன்னாலும் ஒண்ணும் மோசமில்லை, ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு.”

திரும்பிப் பார்த்தால் ஸ்டோர்காரர் உள்ளே ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தனியாக ஆணி எண்ணி எண்ணி அலுத்துப்போன மனிதர். துணைக்கு ஆள் கேட்டு வெகுநாளாக மனுப் போட்டு வந்தவர்.

அன்று மேலிடத்தின் வயிற்றில் பிஸ்கட் இறங்கவில்லை. ஸ்டோர் என்றால் பேச்சு. கையுறை கேட்டு வருவார்கள், கொடுத்தது சின்னது என்பார்கள், நேற்றுக் கொடுத்ததைத் தரவில்லை என்பார்கள், எல்லாமே வாய். மேலே அப்படியில்லை. மழை ஊருக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு வரும். சாயங்காலம் வீட்டுக் கூரைகளெல்லாம் ஒவ்வொன்றாக நிறம் மாறுவது அவருக்கு மட்டும் தெரியும். யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் உலகத்தில் அவருக்கென்று இருந்தது. அதன் வாசலில் இப்போது அவருடைய தொப்பையே குறுக்கே படுத்துக்கொண்டது.

விடுமுறைக்கு இடம் மனைவி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். கடற்கரையை ஒட்டி ஒரு விடுதி, நாலாவது மாடியில் அறை, சின்ன பால்கனி. பஸ்ஸில் போய் இறங்கி, பெட்டிகளை மேலே கொண்டு போய்ச் சேர்த்ததும் அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்து ஓர் அறிவிப்பு விட்டார்.

“இங்க பாருங்க. இந்த ஒரு வாரம் நான் யாருக்கும் கை காட்டப் போறதில்ல. என் கைக்கும் லீவு, வாய்க்கும் லீவு. தட்டைப் பார்த்து நீங்களே நிறுத்திக்குங்க.”

“நானே எப்படி நிறுத்தறது?”

“ஊர்ல எல்லாரும் எப்படி நிறுத்தறாங்களோ அப்படி.”

மேலிடம் அன்று காலைச் சாப்பாட்டில் தானாக நிறுத்த முயன்றார். பரிமாறுகிறவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனபோதுதான் நின்றது.

நிலைமை புரிந்து, பள்ளிக்கூடம் படிக்கும் மகள் உதவிக்கு வந்தாள். கைபேசியில் ஓர் உடற்பயிற்சி வகுப்பு இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம், அறையிலேயே செய்யலாம் என்றாள். மேலிடம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து படுத்தார். ஒரு பெண் குரல் தேனாய்ப் பேசியது.

“அப்பா, முழங்காலை மடக்கச் சொன்னாங்களே.”

“எப்ப?”

“அப்பவே. இப்ப அருமை, மிக அருமைன்னு சொல்றாங்க.”

“நான் ஒண்ணுமே செய்யலையே.”

“அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க.”

அடுத்தது தண்ணீர் பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கும் பயிற்சி. தாகம் எடுத்ததால் பயிற்சியின் பாரம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கடுத்து நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி கால்களை நாலு திசையிலும் பரப்பித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அன்றோடு கைபேசி வகுப்பு முடிந்தது. குரலுக்கும் அவருக்கும் இந்த ஜென்மத்தில் ஒத்துவராது.

மறுநாள் காலை பால்கனிக்கு வந்து, பழக்கதோஷத்தால் கீழே பார்த்தார். விடுதியின் பின்பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் துருப்பிடித்த தகரக் கூரையோடு இரண்டு நீளமான கொட்டகைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெயில் இடுக்கு. அந்த இடுக்கில் ஒரு மனிதர், தொப்பி போட்டு, பளபளக்கும் பச்சை மேல்சட்டை அணிந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். வலது கை பக்கவாட்டில் நீண்டது. இடது கை மடங்கி நெஞ்சுக்கு வந்தது. பின்னோக்கி நாலு அடி வைத்தார். சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூரைக்கு அடியில் பார்த்தார். எழுந்தார். மறுபடி கை.

மேலிடத்துக்குப் புரிந்துவிட்டது. உடற்பயிற்சி மாஸ்டர். மாணவர்கள் வெயிலுக்குப் பயந்து இரண்டு பக்கமும் கூரைக்கு அடியில் நிற்கிறார்கள், மாஸ்டர் மட்டும் வெயிலில் நின்று வேலை வாங்குகிறார். குரல் ஒன்றும் கேட்கவில்லை. கடல் காற்றும், பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டியின் கடகடப்பும் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. அதுதான் அவருக்குப் பிடித்தது. மேலே தான், கீழே ஒரு பச்சை மேல்சட்டை, நடுவில் பேச்சில்லாத காற்று. உடம்பு தானாக அசையத் தொடங்கியது. மாஸ்டர் வலது கையை நீட்டினால் இவரும் நீட்டினார். அவர் குத்துக்காலிட்டால் இவரும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் நடந்தால் இவரும் நடந்து கட்டிலில் இடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மாஸ்டர் இவரைக் கவனித்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். நல்ல சிஷ்யனை வாத்தியார் கண் கண்டுகொண்டது என்று மேலிடம் பூரித்துப்போனார். அதற்குப் பிறகுதான் வகுப்பில் சூடு பிடித்தது. முதல் நாள் சோம்பலாக அசைந்த கைகள் இப்போது காற்றைக் கிழித்தன. அவர் ஓடினார், குனிந்தார், நிமிர்ந்தார், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பின்பக்கமாகவே பாய்ந்தார். நடுநடுவே மேலே ஒரு பார்வை. மேலிடம் விடவில்லை, ஒன்றுவிடாமல் திருப்பிச் செய்தார். வியர்வை ஆறாக ஓடியது. அவர் எவ்வளவு செய்கிறாரோ அவ்வளவு இவர், இவர் எவ்வளவு செய்கிறாரோ அதற்கு மேல் அவர்.

மாஸ்டரின் பாடத்திட்டம் புதுமாதிரியாக இருந்தது. ஒருமுறை குனிந்து எதையோ பொறுக்கி, ஓங்கி, வீசாமல், காலால் தரையை ஓங்கி உதைத்தார். இவரும் உதைத்தார். கீழ் அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். இன்னொன்று, எல்லாவற்றிலும் கடினமானது: இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, உடம்பைக் குறுக்கே திருப்பி, தாடையைத் தோளில் பதித்து, வயிறு முதுகோடு ஒட்டும்படி மூச்சை இழுத்து, கூரையின் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் மறைவது. இதைச் செய்யும்போதெல்லாம் மேலிடத்துக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அதனால் இதுவே மிகச் சிறந்தது என்று முடிவு செய்து, மாஸ்டர் இல்லாத நேரத்திலும் குளியலறைக் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் பழகினார்.

ஒருநாள் பச்சை மேல்சட்டை இரண்டு கைகளையும் சிலுவை போல விரித்து அப்படியே நின்றது. மேலிடமும் விரித்து நின்றார். நேரம் போயிற்று. தோள் எரிந்தது. அசைவில்லை. என்ன மனத்திடம் இந்த மனிதருக்கு என்று வியந்தபடியே நின்றார். மறு சைகை வரவில்லையே, கையை எப்படி இறக்குவது? மனைவி குளித்துவிட்டு வந்தார்.

“என்னங்க இது?”

“பேசாத. பிடிச்சு நிக்கணும்.”

அந்த அம்மாள் ஒருமுறை அவரைப் பார்த்தார், ஒருமுறை கீழே பார்த்தார். ஈரத் துண்டை உதறி அவருடைய வலது கையில் காயப்போட்டார். “மகளோடதும் இருக்கு, இடது கை காலியாத்தானே இருக்கு,” என்று இன்னொன்றையும் போட்டுவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து மாஸ்டர் எங்கிருந்தோ வாயைத் துடைத்தபடி வந்து, தன்னுடைய மேல்சட்டையையும் தொப்பியையும் கழற்றி மாட்டிக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நேரம் நின்றது ஒரு கம்பம் என்று. மேலிடம் மனம் தளரவில்லை. மாஸ்டர் இல்லாதபோதும் மாணவன் நிற்கிறானா என்று சோதித்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி நாள் பால்கனியில் நின்று கும்பிட்டார். கீழே அந்த மனிதர் பதறிப்போய்த் திரும்பக் கும்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இறங்கிப் போய் நன்றி சொல்ல முடியவில்லை.

புதுக் கிரேன் நின்றிருந்தது. பிளைவுட் சட்டத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நிஜக் கதவிலேயே பார்த்துவிடலாம் என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் முதலில் ஏறி, கதவுக்கு மேல் தளத்தில் குந்தி உட்கார்ந்து, துவாரம் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தரையில் அண்ணாந்து நின்றார். ஸ்டோர்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

மேலிடம் ஏறினார். தலை போயிற்று. தோள் போயிற்று. நெஞ்சு போயிற்று. அதற்குக் கீழே இரும்பு விளிம்பு, பழைய சிநேகிதம் போல, அவரைப் பிடித்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்தில் தொப்பை எங்கேயும் போய்விடவில்லை. விடுதிச் சாப்பாடு அப்படி.

“பரவாயில்லை, இறங்கிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் அதிகாரி. அவர் குரலே உடைந்துபோயிருந்தது.

மேலிடம் இறங்கவில்லை. குரல் அவர் உடம்புக்கு எட்டாது என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. கண்ணை மூடினார். தகரக் கூரையின் விளிம்பு தெரிந்தது. ஒரு படி கீழே இறங்கினார். கால்கள் ஏணியில் திடமாக ஊன்றிக்கொண்டன. இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். உடம்பைக் குறுக்கே திருப்பினார். தாடை தோளில் பதிந்தது. வயிற்றை முதுகோடு ஒட்ட இழுத்தார், கண்ணில் பூச்சி பறந்தது, அப்படியே மூலைவாட்டில் மேலே வழுக்கினார். எங்கோ துணி கிழிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று ஏணிக் கம்பிகளில் டங் டங்கென்று தட்டிக்கொண்டே கீழே போய் மச்சானின் காலடியில் விழுந்தது. பொத்தான் கீழே, ஆள் மேலே.

ஸ்டோர்காரர் உள்ளே போய் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார்.

“மழைக்காலத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்க்கணும்,” என்றார் அதிகாரி, சந்தோஷத்தில் அவருக்கும் மூச்சு வாங்கியது. “அந்தக் கையைத் தூக்கித் திரும்பறது எங்க கத்துக்கிட்டீங்க?”

“ஒரு மாஸ்டர்கிட்ட,” என்றார் மேலிடம். அவ்வளவுதான் சொன்னார். மீதி எல்லாம் கம்பி கட்டுகிறவர்களும் குழாய் வேலைக்காரர்களும் போட்டுக்கொண்டது.

மச்சானுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. “அத்தான், எனக்கும் சட்டை இறுகுது. ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துடறேன்.” மேலிடத்துக்கும் ஆசைதான். இரண்டாவது பரீட்சை வேறு பயமுறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பாடத்தில் சில இடங்கள் மறந்துபோயின. ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ் ஏறினார்கள். இந்தமுறை விடுதிப் பக்கம் போகாமல், பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனார்கள்.

தெருப் பக்கம் கொட்டகை வாசல் அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே நிழலில் வரிசையாக நின்றவர்கள் மாணவர்கள் இல்லை. எல்லாமே கார்கள்.

“அத்தான், உங்க மாஸ்டர் இவரா?” என்று கேட்டார் மச்சான்.

“இவரேதான். கும்பிடு.”

“கும்பிடறேன். முதல்ல ஓரமா வாங்க, பின்னாடி வண்டி வருது.”

பச்சை மேல்சட்டைக்காரர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். வண்டி வலது பக்கம் திரும்பியது. இடது கையை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். வண்டி முன்னால் வந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்துக்கும் தூணுக்கும் நடுவில் இடைவெளி பார்த்தார். பிறகு, இரண்டு கைகளையும் தூக்கி, தாடையைத் தோளில் பதித்து, வயிற்றை இழுத்துக்கொண்டு, நெருக்கி நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவில் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தார். வந்தவர் மேலிடத்தின் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்த விசில் விழுந்துவிட்டது.

“ஐயா வாங்கய்யா. எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குதுங்க. அந்த நாயைக்கூட உள்ள விடறதில்லீங்க.”

“நாயா?” என்றார் மேலிடம்.

“தினம் வரும். கல்லை எடுத்து ஓங்கி, தரையை உதைச்சுத் துரத்துவேனே, நீங்ககூடப் பார்த்துத் திரும்ப உதைச்சீங்களே.”

மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“முதலாளி அனுப்பின ஆள்தானே நீங்க?” என்றார் பச்சை மேல்சட்டைக்காரர். “மேல ரூம் எடுத்துக் கொடுத்து, நான் வேலை பார்க்கறேனா உட்காந்திருக்கேனான்னு பார்க்கச் சொல்லியிருக்காருன்னு நினைச்சேன். நான் காட்டறதை எல்லாம் திருப்பிக் காட்டி, சரியா தப்பான்னு பரிசோதிக்கிறீங்கன்னு...”

“நான் கிரேன் ஓட்டறவன்.”

“என்னது?”

“லீவுக்கு வந்தேன். நீங்க உடற்பயிற்சி சொல்லித் தர்ற மாஸ்டர்னு நினைச்சேன்.”

வெளியே ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பச்சை மேல்சட்டைக்காரர் தன்னுடைய இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பேண்ட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

“இதைப் பாருங்க. உங்களாலதான். இந்த வேலையில நான் ஒரு நாளும் ஓடினதே கிடையாது. பாதி நேரம் கல்லு மேல உட்கார்ந்து ஒரு விரலை ஆட்டினாப் போதும், வண்டி தானா வந்து நிக்கும். ஒரு வாரம் ஓட விட்டீங்க. டீ குடிக்கப் போகக்கூடப் பயந்து கம்பத்துக்குச் சட்டை மாட்டிட்டுப் போனேன். அன்னிக்கும் கையை விரிச்சுக்கிட்டுக் காவல் நிக்கறீங்க. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு எனக்கு யார் சொன்னா? திரைக்குப் பின்னால இருக்கீங்கன்னு நினைச்சு இன்னிவரைக்கும் ஓடிட்டிருக்கேன். என் பொண்டாட்டி எனக்கு என்னமோ சீக்குன்னு அழறா.”

மச்சான்தான் சமாதானத்துக்கு வந்தார். “அண்ணே, உங்க புண்ணியத்துல இவருக்கு வேலை நிலைச்சுது. என்ன செய்யணும் சொல்லுங்க.”

பச்சை மேல்சட்டைக்காரர் யோசித்தார். பரிசு ஒன்றும் வேண்டாம் என்றார். சாப்பாடும் வேண்டாம் என்றார். மேலிடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வேலை பூரா உட்கார்ந்துட்டேதானே பார்க்கறீங்க?”

“ஆமா.”

“அப்ப ஒரு நாள். ஒரே ஒரு நாள். நீங்க இங்க நில்லுங்க, நான் உட்கார்றேன். கை எல்லாந்தான் உங்களுக்குத் தெரியுமே.”

“கண்டிப்பா,” என்றார் மேலிடம். “அடுத்த லீவுல வர்றேன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு மூணாம் நாளே தெரியும். சோப்பு வாங்க அந்தத் தெருவுலதானே போனேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

“வாய்க்கும் லீவுன்னு சொன்னேனே.”

மழைக்காலத்துக்கு முந்திய பரிசோதனையில் மேலிடம் பொத்தான் எதையும் இழக்காமல் கதவைக் கடந்தார். இப்போதும் காலையில் சுமை வருவதற்கு முன்னால், உச்சியில் அறைக்கு வெளியே உள்ள தளத்தில் நின்று, இல்லாத வண்டிகளை வலதும் இடதும் திருப்புகிறார், இல்லாத நாயைத் துரத்துகிறார். கீழேயிருந்து மச்சானும் அப்படியே செய்கிறார். அவரைப் பார்த்துக் கம்பி கட்டுகிறவர்களில் இரண்டு பேர். ராணுவப் பயிற்சி என்றுதான் அவர்கள் இன்னும் நம்புகிறார்கள்.

அந்த ஒரு நாள் மட்டும் இன்னும் வரவில்லை. ஒரு விடுமுறைக்கு மழை, ஒன்றுக்குக் கிரேன் வடம் மாற்றும் வேலை, இன்னொன்றுக்கு மகளுடைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவற்றுக்குக் காரணம் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. நாள் முழுக்க வெயிலில் நிற்பது என்பதைப் பால்கனியிலிருந்து பார்ப்பது ஒன்று, நிற்பது வேறொன்று. பச்சை மேல்சட்டைக்காரர் இதற்கென்றே ஒரு நாற்காலி வாங்கி இடுக்கில் போட்டிருக்கிறார். தானும் உட்காருவதில்லை, வேறு யாரையும் உட்கார விடுவதுமில்லை. அவ்வப்போது போன் செய்கிறார்.

“ஐயா, நாற்காலி வெயில்ல வெளுக்குது.”

“மேல கொஞ்சம் துணி போட்டு வைங்க,” என்கிறார் மேலிடம். “வந்துடறேன்.”